இளம் பங்குச்சாமியின் நினைவாக என்ன செய்யலாம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

மண்டபம் வட்டாரக் கடற்கரைப் பங்கு ஒன்றில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்து, இளம் வயதிலேயே நோயில் மறைந்த அருள்பணியாளரைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த அஞ்சலிச் செய்தியைப் படித்தோம். அவர் பெயரை இக்கடிதத்தில் எழுதவில்லை. பெயரைப் பெரிதாகப் போட வேண்டாம் என்று அவர் வீட்டார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கரையோரத்தில் தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியும்.

முப்பதாம் நாள் திருப்பலி முடிந்த கையோடு ஊருக்கு ஊர் பேச்சு எழுந்திருக்கிறது. ஓர் ஊரில் மார்பளவுச் சிலை என்கிறார்கள், இன்னோர் ஊரில் நினைவு வளைவு. சுழற்கோப்பை வைத்துக் கைப்பந்துப் போட்டி நடத்தலாம் என்று சிலர். கல்லறை ஓரத்திலேயே குருசடி (சிலுவை வைத்த சிறு வழிபாட்டிடம்) கட்டலாம் என்றும் சிலர். எல்லாம் பாசத்தில் வரும் பேச்சுதான். ஆனால் அந்தச் சாமி இளையோரிடம் உண்டாக்கியவை எல்லாம் வாராவாரம் செய்யும் வேலைகள். அவற்றை யாராவது செய்துகொண்டே இருந்தால்தான் அவை இருக்கும். எப்படி நடந்தன, எங்கே முறியும் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் நாங்கள். நன்கொடை நோட்டு அச்சடிப்பதற்கு முன்பு பங்குப் பேரவைகளும் ஊர் கமிட்டிகளும் இதைப் படித்தால் நல்லது.

குருசடியிலிருந்து தொடங்குகிறோம். அதில் அவசரப்பட்டால் பிறகு திருத்துவது கஷ்டம். மறைந்தவரின் கல்லறையில் நின்று செபிப்பதில் தவறே கிடையாது, நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் எல்லாருக்கும் செய்வதுதான். ஆனால் திருச்சபை அறிவிக்காத ஒருவருக்குப் பீடம் எழுப்புவதும், படத்தில் ஒளிவட்டம் போடுவதும், நவநாள் செபம் அச்சடித்துக் கொடுப்பதும், கொடியேற்றுவதும் பொதுவணக்கத்தில் சேர்ந்துவிடும். 17ஆம் நூற்றாண்டில், திருத்தந்தை எட்டாம் உர்பான் காலத்திலிருந்தே இதற்குத் தடை இருக்கிறது. நாளை ஒருவருக்குப் புனிதர் பட்ட விசாரணை வந்தால், அவருக்கு முன்கூட்டியே பொதுவணக்கம் நடக்கவில்லை என்பதையும் தனியாக விசாரித்துச் சான்று கொடுக்க வேண்டும். ஆர்வத்தில் கட்டிய குருசடி அங்கே வந்து குறுக்கே நிற்கும். விசாரணையை மரணத்துக்குப் பிறகு 5 ஆண்டு கழிந்துதான் பொதுவாகத் தொடங்க முடியும். நம் மாவட்டத்து ஓரியூரில் 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டப்பட்ட அருளானந்தருக்கு (ஜான் டி பிரிட்டோ) 1853இல்தான் புனிதர் நிலைக்கு முந்தைய அருளாளர் பட்டம், 1947 ஜூன் 22இல்தான் புனிதர் பட்டம். 1752இல் சுடப்பட்டு இறந்த தேவசகாயத்துக்கு 2022 மே 15 வரை ஆயிற்று. இந்தச் சாமியைப் புனிதர் ஆக்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. அவரே சிரித்திருப்பார். முறை இப்படி இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறோம்.

இப்போதைக்குச் செய்யக்கூடியது, அவரைப் பற்றித் தெரிந்தவர்கள் தெரிந்ததை எழுதி வைப்பது. ஆளுக்கு ஒரு தாள் போதும். மேலே எழுதுபவரின் பெயர், வயது, ஊர், சாமியை எப்படித் தெரியும் என்பது. கீழே கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள். கேள்விப்பட்டதாக இருந்தால் யார் சொல்லக் கேட்டது என்று சேருங்கள். தேதி சரியாக நினைவில்லாவிட்டால் "தடைக்காலத்துக்கு முன்", "சந்தியாகப்பர் திருவிழா வாரம்" என்று எழுதினாலும் பிறகு கண்டுபிடித்துக்கொள்ளலாம். "தங்கமான மனிதர்" என்று பக்கம் நிறைப்பதால் யாருக்கும் பயன் இல்லை. எந்தப் பையனைப் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு எந்தப் பேருந்தில் கூட்டிப் போனார் என்று எழுதினால் அது ஆவணம். கையெழுத்துப் போட்டு இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைப் பங்கு அலுவலகத்தில் வையுங்கள், மற்றொன்றைச் சிவகங்கை ஆயர் இல்லத்துக்கு அனுப்புங்கள். அவருடைய மறையுரைக் குறிப்புகள் யாரிடமாவது இருந்தால் முதலில் ஸ்டேப்ளர் பின்னைப் பிடுங்குங்கள். நம் கரைக் காற்றில் உப்பு அதிகம், பின் துருப்பிடித்து அந்த மூலையைத் தின்றுவிடும். நூலால் கட்டி, செராக்ஸ் எடுத்து, மூலத்தைத் தரையில் படாமல் தகரப் பெட்டியில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் கிடக்கும் குரல் பதிவுகள் போன் மாற்றும்போது போய்விடும், இந்த வாரமே பென் டிரைவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

இளம் சாமி ஒருவர் சில ஆண்டுகள் இருந்து பெயர் பதித்துப் போவது இந்தக் கரைக்குப் புதிதல்ல. மண்டபத்தை அடுத்த வேதாளையில் 1549இல் கொல்லப்பட்ட அந்தோனி கிரிமினாலி சாமிக்கு அப்போது வயது 29. இத்தாலியில் பிறந்தவர், சவேரியார் இங்கே பொறுப்பாக விட்டுச் சென்றவர், தமிழ் எழுதப் படிக்கக் கற்றவர். இயேசு சபையின் முதல் மறைசாட்சி என்று அவரைத்தான் சொல்கிறார்கள். வடுகர் படை வந்தபோது சனங்களைப் படகேற்றி அனுப்பிக்கொண்டே கரையில் நின்றவர். மறைந்த சாமி இந்த வரலாற்றை இளையோர் கூட்டங்களில் அடிக்கடி சொல்வார். சொல்லிவிட்டு உடனே, "சரி, நம்ம கரையில கயிறு எங்க தொங்குது?" என்று கேட்பார். அந்தக் கயிற்றுக்குப் பிறகு வருகிறோம்.

முதலில் கூட்ட நேரம். கடற்கரைப் பங்குகளில் இளையோர் குழு படுத்துப்போவதற்குப் பெரும்பாலும் பக்திக் குறைவு காரணமல்ல, கடிகாரம்தான் காரணம். பாக் நீரிணைப் பக்கத்தில் கடலுக்குப் போக விசைப்படகுக்கு வாரம் 3 நாள், நாட்டுப்படகுக்கு 4 நாள். இராமேசுவரம் பக்கம் விசைப்படகு திங்கள், புதன், சனியில் டோக்கன் வாங்கிப் போய் மறுநாள் காலை கரை திரும்பும். சனிக்கிழமை போனவன் ஞாயிறு காலையில் வருவான். மீனைத் தரம் பிரித்து, ஏலம் முடித்து, ஐஸ் பெட்டி கழுவி வீடு சேர முற்பகல் ஆகிவிடும். இரவு முழுக்கத் தூங்காதவன். அவனைக் காலைத் திருப்பலி முடிந்ததும் 9 மணிக்குக் கூட்டத்துக்கு வா என்றால் எப்படி வருவான்? வந்தாலும் சுவரில் சாய்ந்து தூங்குவான். பிறகு "நம்ம பயல்களுக்கு ஆர்வமே இல்லை" என்று பெரியவர்கள் பேசுவார்கள். கல்லூரிக்குப் போகும் பத்துப் பேர் மட்டும் வரும் குழுவாக அது சுருங்கிவிடும். தொழிலுக்குப் போகிறவனுக்கும் படிக்கிறவனுக்கும் நடுவில் அந்த இடத்தில் விழும் பிளவு பிறகு ஒட்டுவதில்லை.

இந்தச் சாமி அதை ஞாயிறு மாலை 5 மணிக்கு மாற்றினார். தூங்கி எழுந்து குளித்துவிட்டு வர முடியும். ஒரு மணி நேரம் கூட்டம், 6 மணி மூவேளைச் செபத்தோடு முடிவு, பிறகு விளையாட்டு. மாலை 6க்கு மேல் கூட்டம் இழுத்தால் பெண் பிள்ளைகளை வீட்டில் விடமாட்டார்கள், அதனால் 6 என்றால் 6தான். பத்துப் பேர் வந்தாலும் தொடங்கிவிட வேண்டும். பிந்தி வருகிறவனுக்காகக் காத்திருந்தால் அடுத்த வாரம் நேரத்துக்கு வந்தவனும் பிந்தி வருவான். நாட்டுப்படகில் ஞாயிறு மாலையே வலை விடப் போகிறவர்கள் உள்ள ஊர்களில் இந்த நேரம் பொருந்தாது. அங்கே எந்த மாலை யார் கரையில் இருக்கிறார்கள் என்று ஒரு மாதம் தாளில் குறித்துப் பார்த்து நாளை முடிவு செய்யுங்கள். பக்கத்துப் பங்கில் நடக்கிறது என்பதற்காக அந்தக் கிழமையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கூட்டத்தில் என்ன பேசுவது? பெல்ஜிய நாட்டுக் குரு ஜோசப் கார்டைன் 1920களில் இளம் தொழிலாளர்களிடையே பழக்கிய "பார், ஆய்ந்திடு, செயல்படு" முறைதான். 1961இல் திருத்தந்தை 23ஆம் யோவானின் சுற்றுமடலிலேயே இடம்பெற்றது, புதிய சரக்கு ஒன்றுமில்லை. எல்லாப் பங்கிலும் பாடமாகச் சொல்கிறார்கள். பிழை நடப்பது முதல் படியில். "பார்" என்றதும் உலக வெப்பமயமாதல், ஊழல் என்று பேசத் தொடங்கிவிடுவோம். அவர் ஒரு தெருவுக்கு மேல் போக விடமாட்டார். குடிநீர் என்று எடுத்தால், எந்தத் தெருவில் எத்தனை குழாய், இரண்டு வாரத்தில் எந்த எந்த நாள் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை குடம் நிறைந்தது, வண்டித் தண்ணீர் குடம் என்ன விலை. இதைத் தெருவுக்கு ஒருவர் தாளில் எழுதிக்கொண்டு வர வேண்டும், ஞாபகத்தில் சொல்லக் கூடாது. தாள்களைத் தரையில் பரப்பி வைத்தால் வால்வு எங்கே திறக்கிறார்கள், எந்தத் தெருவுக்கு வருவதற்குள் அழுத்தம் தீர்ந்துபோகிறது என்பது கண்ணுக்கே தெரியும். "ஆய்ந்திடு" என்பதில் நற்செய்தி வாசகம் ஒன்று, அதன் மேல் 10 நிமிடம் அமைதி, பிறகு பேச்சு. இந்த 10 நிமிடத்தைப் பல வழிகாட்டிகள் விழுங்கிவிடுகிறார்கள். அதை விட்டால் ஊர்க் கமிட்டிக் கூட்டத்துக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. "செயல்படு" என்றால் அடுத்த ஞாயிறுக்குள் முடியக்கூடிய ஒரே ஒரு வேலை, அதற்கு ஒரே ஒரு பெயர். "எல்லாரும் சேர்ந்து செய்வோம்" என்று எழுதினால் யாரும் செய்யமாட்டார்கள்.

மனு கொடுக்கப் போவதாக இருந்தால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாள் இருக்கிறது, மீனவர்களுக்கென்று தனிக் குறைதீர் கூட்டமும் நடக்கிறது. மனுவோடு அந்த இரண்டு வாரத் தாள்களின் நகலை இணையுங்கள். "தண்ணீரே வரவில்லை" என்ற மனுவுக்கு "வருகிறது" என்று ஒரு வரியில் பதில் வந்துவிடும். தேதியும் மணியும் போட்டிருந்தால் அப்படி எழுத முடியாது. மனு எண் உள்ள ஒப்புகைச் சீட்டை வாங்காமல் வராதீர்கள். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டுச் சீட்டை மறந்து வருகிறவர்கள்தான் அதிகம்.

இனி கயிறு. நம் பக்கத்தில் பிள்ளைகள் மூழ்கிப் போவது கடலில் மட்டும் இல்லை, கோடையில் ஊருணியிலும் மழைக்குப் பிறகு கண்மாயிலும்தான். நீந்தத் தெரிந்தவர் காப்பாற்றக் குதித்து இரண்டு உயிர் போன செய்தியைத் தங்கள் நாளிதழிலேயே எத்தனை முறை படித்திருப்போம். மூழ்குகிறவன் கிட்டே வந்தவரின் கழுத்தைப் பிடித்து மேலே ஏறப் பார்ப்பான், அது அவன் குற்றமில்லை. அதனால் முதலில் எறிய வேண்டும், குதிப்பது கடைசி வழி. இளையோர் குழு செய்து மாட்டிய சாதனம் இது: 20 லிட்டர் மூடியுள்ள பிளாஸ்டிக் கேன் ஒன்று, 10 மி.மீ. பி.பி. (பாலிபுரொப்பிலீன்) கயிறு 25 மீட்டர். நைலான் கயிறு வாங்கக் கூடாது. அது தண்ணீரில் முங்கும், படகின் விசிறியிலும் கல்லிலும் சிக்கும். பி.பி. கயிறு மிதக்கும். கேனுக்குள் இரண்டு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் விட்டு மூடியை இறுக்கி, மூடி மேல் பழைய டியூப் ரப்பரைச் சுற்றிக் கட்ட வேண்டும். வெறும் கேனை எறிந்தால் வாடைக்காற்று திருப்பிக் கொண்டுவந்துவிடும், அந்தக் கொஞ்சம் தண்ணீர்தான் எறிவதற்குக் கனம். கயிற்றின் ஒரு முனை கேன் கைப்பிடியில், மறு முனையில் கை நுழையும் அளவுக்கு ஒரு கண்ணி. எறியும்போது கண்ணியைக் கையில் மாட்டாமல் காலால் மிதித்துக்கொள்ள வேண்டும், அவன் இழுக்கும் வேகத்தில் எறிந்தவரும் உள்ளே போய்விடக் கூடாது. மூழ்குகிறவனின் தலைக்கு நேரே எறியாமல் அவனைத் தாண்டி எறிந்து கயிற்றை அவன் தோள் மேல் இழுத்து வர வேண்டும்.

கயிற்றைச் சுருள் சுருளாக முடிந்து தொங்கவிட்டால் அவசரத்தில் சிக்கு விழும். வாளி ஒன்றில் கீழிருந்து மேலாகத் தளர விட்டு நிரப்பி வைத்தால் எறிந்ததும் தானாக ஓடும். வாளியின் அடியில் ஓட்டை போட மறந்தால் மழைத் தண்ணீர் நின்று கொசு வளரும். பி.பி. கயிற்றுக்கு வெயில்தான் எதிரி. ஓராண்டில் நார் உதிரத் தொடங்கும், விரலால் தேய்த்தால் தூள் வரும், அப்போது மாற்றிவிட வேண்டும். ஆட்டைக் கட்டக் கயிறு வேண்டும் என்று அவிழ்த்துப் போகிறவர்களும் உண்டு. அதற்கு ஒரே மருந்து, கயிற்றில் மீட்டருக்கு மீட்டர் சிவப்புப் பெயின்ட் அடிப்பது. எங்கே கண்டாலும் ஊருக்கே தெரியும். எறிந்து பழகும் இடத்தைக் காற்றைப் பார்த்து வையுங்கள்: கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் வடகடலான பாக் நீரிணைப் பக்கம், வாடைக் காலத்தில் தென்கடலான மன்னார் வளைகுடாப் பக்கம்.

கரைக்கு இழுத்த பிறகு நடப்பதுதான் இன்னும் மோசம். தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும், டிரம் மேல் உருட்டுவதும் இன்றைக்கும் நடக்கிறது. வயிற்றிலிருந்து வரும் தண்ணீர் நுரையீரலுக்குள் போய் இருக்கிற உயிரையும் எடுத்துவிடும். இளையோர் குழுவில் கற்றுக்கொடுத்த வரிசை இது. தட்டிக் கூப்பிட்டுப் பார். பதில் இல்லையென்றால் ஒருவர் 108க்குப் பேச வேண்டும். தெருப் பெயரைவிட "இன்ன கோயில் பக்கத்து ஜெட்டி" என்று சொன்னால் வண்டி சீக்கிரம் வரும். தலையைப் பின்னால் சாய்த்து, தாடையைத் தூக்கி, மூச்சு இருக்கிறதா என்று 10 நொடிக்குள் பார். இல்லையென்றால் மூக்கைப் பொத்தி வாயோடு வாய் வைத்து, நெஞ்சு மேலெழும் அளவுக்கு மூச்சு கொடு. தண்ணீரில் மூழ்கியவருக்கு முதல் தேவை மூச்சு, அதனால் தொடக்கத்தில் 2 முதல் 5 மூச்சு. அசைவில்லையென்றால் நெஞ்சு நடுவில், முலைக்காம்புகளுக்கு இடையே, உள்ளங்கை அடியை வைத்து 30 அமுக்கு, பிறகு 2 மூச்சு, திரும்பவும் 30. பெரியவர்களுக்கு 5 முதல் 6 செ.மீ. இறங்க வேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகம். 30 அமுக்குவதற்கு 15 முதல் 18 நொடி. ஒவ்வொரு முறையும் கையை முழுதாகத் தளர்த்தி நெஞ்சு மேலே வர விட வேண்டும். ஈர மணலில் வைத்து அமுக்கினால் உடம்புதான் மணலில் புதையும், அமுக்கம் நெஞ்சுக்குச் சேராது. பலகை மேலோ கெட்டித் தரையிலோ கிடத்த வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும், களைத்த கை மேலோட்டமாகத்தான் அமுக்கும். வாந்தி எடுத்தால் ஒருக்களித்துத் துடைத்துவிட்டுத் தொடர். எழுந்து உட்கார்ந்து பேசினாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும், நுரையீரல் பிறகு மோசமாகும். உயிருள்ள ஆளின் நெஞ்சில் இதைப் பழகக் கூடாது. பழைய டயர் டியூபைச் சுருட்டிச் சாக்கில் திணித்துத் தைத்தால் பழகுவதற்குப் போதும்.

கடலில் தவறினால் கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. இரண்டையும் படகு வீல் ஹவுஸில் (சுக்கான் அறையில்) பெயின்டால் எழுதச் சொன்னவர் அந்தச் சாமிதான். போனில் சேமித்து வைத்திருந்தால் போன் நனைந்த அன்று பயன் இல்லை. லைஃப் ஜாக்கெட்டை யாரும் போடுவதில்லை. புழுக்கம், வலை இழுக்கும்போது பக்கிள் சிக்கும் என்கிறார்கள், அது உண்மையும்தான். இரவில் வலை இழுக்கும் நேரமாவது போட்டால் பாதி ஆபத்து குறையும். இதில் அவராலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை.

படிப்பு விஷயத்தில் மாலைப் பாடசாலையைப் பற்றி எல்லாரும் புகழ்ந்துவிட்டார்கள். நாங்கள் சொல்ல விரும்புவது பத்தாம் வகுப்பு முடிவு வரும் வாரத்தைப் பற்றி. கடலோரக் காவல்படையில் நாவிக் (மாலுமி) பொதுப்பணிப் பிரிவுக்கு +2வில் கணிதமும் இயற்பியலும் படித்திருக்க வேண்டும். கடற்படை மாலுமி வேலைகளிலும் அந்தப் பாடங்களுக்கு மதிப்பு உண்டு. நீந்தவும் படகோட்டவும் தெரிந்த நம் பையன்கள் +1இல் கைக்குக் கிடைத்த குரூப்பில் சேர்ந்துவிட்டு, 18 வயதில் விண்ணப்பம் போடும்போதுதான் கதவு அடைத்திருப்பதைப் பார்க்கிறார்கள். பத்தாம் வகுப்புத் தேர்ச்சியோடு போகக் கூடிய உள்நாட்டுப் பிரிவும் உண்டு, ஆனால் அது சமையல், பரிமாறல் போன்ற வேலைகள். எனவே குரூப் எடுக்கும் வாரத்தில் வீடு வீடாகப் போய் இதைச் சொல்ல நான்கு பேர் வேண்டும். கடலோரப் பாதுகாப்புக் குழுமம் மீனவர் பிள்ளைகளுக்கு இந்த வேலைகளுக்காக நடத்தும் இலவசப் பயிற்சியின் அறிவிப்பை அருகிலுள்ள மரைன் போலீஸ் நிலையத்தில் கேட்டுக்கொள்ளலாம். மீனவர் நல வாரிய உறுப்பினர் அட்டை பெற்றோரிடம் இருந்தால் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். புதுப்பிக்காமல் விட்ட அட்டையால் இழப்பவர்கள் நிறைய.

பணம். சுழற்கோப்பை வேண்டாம் என்று நாங்கள் நினைப்பது பணத்தால்தான். முதல் ஆண்டு படகுக்காரர்கள் தாராளமாகக் கொடுப்பார்கள். கொடுத்தவர் பெயர் பேனரில் எத்தனாவது வரியில் வந்தது என்பதில் மனத்தாங்கல் வரும். அடுத்த ஆண்டு கட்சிக்காரர் ஒருவர் முழுச் செலவையும் ஏற்பார், படமும் போடுவார். இறுதி ஆட்டத்தில் நடுவர் முடிவுக்கு அடிதடி, இரவில் பாட்டில். பிறகு மறைந்தவர் பெயரே அந்தச் சண்டையின் பெயராகிவிடும். விளையாட வேண்டும், தினமும் விளையாடட்டும். அதற்கு ஒரு வலையும் இரண்டு பந்தும் போதும். அவர் காலத்தில் குழுவின் பணம் தனிப்பட்ட யார் பெயரிலும் இல்லை. பங்குக் கணக்கிலேயே தனிப் பக்கம், கையிருப்பு மிகக் குறைவு, ஒவ்வொரு செலவுக்கும் பில்லை அதே பக்கத்தில் ஒட்டி இருவர் கையெழுத்து, மாதக் கடைசி ஞாயிறு திருப்பலி அறிவிப்பில் வரவு செலவு வாசிப்பு. ஒட்டுவதற்குப் பசை வேண்டும். அரிசிக் கஞ்சியால் ஒட்டினால் பூச்சி அரிக்கும். பெட்ரோல் பங்க் பில்லும் மருந்துக் கடைப் பில்லும் சில மாதத்தில் எழுத்தழிந்துவிடும், அன்றைக்கே தொகையைப் பேனாவால் பக்கத்தில் எழுதிவைக்க வேண்டும்.

பிள்ளைகளின் பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாக. 18 வயதுக்கு உட்பட்டவர்களோடு எந்த நிகழ்ச்சியிலும் குறைந்தது இரண்டு பெரியவர்கள், அதில் ஒருவர் பெண். தனி அறையில் தனியாகப் பேச்சில்லை, கதவு திறந்திருக்க வேண்டும். தனிப்பட்ட வாட்ஸ்அப் இல்லை, பெற்றோர் உள்ள குழுவில்தான் அறிவிப்பு. சாமிக்கும் இதே சட்டம் என்று அவரே எழுதி ஒட்டியிருந்தார். 2012 போக்சோ சட்டப்படி சந்தேகம் வந்தாலே புகார் செய்ய வேண்டிய கடமை பெரியவர்களுக்கு உண்டு. குழந்தைகள் உதவி எண் 1098. நினைவுக் குழு என்று புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதை முதல் பக்கத்தில் எழுத வேண்டும்.

கடைசியாக, குழுக்கள் எப்போது உடைகின்றன என்பது. கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. எல்லாரும் கரையில் இருக்கும் காலம் அது. முகாம், பயிற்சி, ஓரியூர் நடைப்பயணம் எதையும் வைக்க அதைவிட நல்ல காலம் கிடையாது. ஆனால் மறைமாவட்டத்தில் குருக்கள் மாற்றல் வருவதும் பெரும்பாலும் மே, ஜூன் மாதங்களில்தான். ஆக, இளையோர் ஒன்று சேரும் அதே வாரங்களில் அவர்களைச் சேர்த்தவர் பெட்டி கட்டுகிறார். புதிதாக வருகிற சாமிக்கு யார் யார் என்று தெரிவதற்குள் தடை முடிந்து படகுகள் போய்விடும். ஆகஸ்டில் பார்த்தால் குழு இருக்காது. இதில் மாற்றலாகிப் போகிறவரையோ வருகிறவரையோ குறை சொல்லிப் பயனில்லை, நாள்காட்டியே அப்படி அமைந்திருக்கிறது. மேற்குக் கரையில் தடை ஜூனில்தான் தொடங்குகிறது என்பதால் சில பையன்கள் ஏப்ரலிலேயே கேரளக் கரைக்குத் தொழிலுக்குப் போய்விடுவதும் உண்டு, அவர்களையும் கணக்கில் வைக்க வேண்டும்.

இதற்கு அவர் கண்ட வழி, பொறுப்பாளர் தேர்தலை ஜூனில் வைக்காமல் தவக்காலத்துக்கு முன்பே, பிப்ரவரியில் வைத்தது. தடை தொடங்கும்போது புதிய பொறுப்பாளர்கள் இரண்டு மாதம் பழகியிருப்பார்கள். பங்கு அலுவலகத்தில் ஒரு தகரப் பெட்டி. அதில் உறுப்பினர் பெயர்ப் பட்டியல் படகு வகையோடும் போன் எண்ணோடும், கூட்டக் குறிப்பு நோட்டு, கணக்கு நோட்டு, நிலுவையில் உள்ள மனுக்களின் ஒப்புகைச் சீட்டு, கேன் மாட்டிய இடங்களின் பட்டியலும் கயிறு மாற்றிய தேதியும், எந்த வீட்டில் எந்தப் பிள்ளை இந்த ஆண்டு பத்தாம் வகுப்பு என்ற தாள். சாவி இரண்டு. ஒன்று பொறுப்பாளரிடம், மற்றொன்று பங்குத்தந்தையிடம். புதிய சாமி வந்த முதல் ஞாயிறு மாலை பெட்டியைத் திறந்து அரை மணி நேரத்தில் வாசித்துக் காட்டிவிடலாம்.

சிலைக்கென்று ஏற்கெனவே தொகை எழுதியவர்கள் அதை அந்தந்தப் பங்கின் இளையோர் கணக்குப் பக்கத்துக்கு மாற்றிக் கொடுக்கும்படி பங்குப் பேரவைகள் கேட்கலாம். ஓர் ஊரின் ஜெட்டி, ஊருணி, கண்மாய்க்கரை மூன்றுக்கும் கேனும் கயிறும் வாங்க அதில் சிறு பகுதியே போதும். வருகிற தடைக்காலத்துக்குள் கயிறு வாங்க வேண்டுமானால் மார்ச்சிலேயே வாங்குவது நல்லது. ஏப்ரலில் படகு மராமத்துக்காக எல்லாரும் கடைக்கு வருவதால் விலை ஏறிவிடும், 10 மி.மீ. இருப்பும் தீர்ந்துவிடும்.

இப்படிக்கு,
கடற்கரைப் பங்குகளின் இளையோர் வழிகாட்டிகள் சிலர்,
மண்டபம் வட்டாரம், இராமநாதபுரம் மாவட்டம்.